கைதட்டலையும் சேர்த்து அச்சிடுவது: நேரடி சைகடெலிக் தொகுப்பு ஒன்றின் தயாரிப்பு

1971 ஜூனில் இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில், பில்டன் கிராமத்துப் பண்ணை ஒன்றில் கிளாஸ்டன்பரி ஃபேர் நடந்தது. சாரக் கம்பிகளால் எழுப்பிய பிரமிடு மேடை. நுழைவுக் கட்டணம் கிடையாது. செலவு கையைக் கடித்தது. அதை ஈடுகட்ட, அடுத்த ஆண்டு ரெவலேஷன் என்டர்பிரைசஸ் என்ற பெயரில் மூன்று இசைத்தட்டுகள் கொண்ட தொகுப்பு ஒன்று வெளிவந்தது. உறையை வடிவமைத்தவர் பார்னி பபிள்ஸ். பெரிய கம்பெனிகளுக்கு வெளியே நின்று ஒரு நேரடி சைகடெலிக் (மயக்க நிலையை எழுப்பும் ராக் இசை) தொகுப்பைக் கொண்டுவர முடியும் என்பதற்கு அதைவிட நல்ல முன்னோடி எனக்குத் தெரியவில்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் கதை கொஞ்சம் மாறுகிறது. கிரேட்ஃபுல் டெட் குழுவின் 'டார்க் ஸ்டார்' 1972 ஏப்ரல் 8 அன்று லண்டன் வெம்ப்ளி எம்பயர் பூலில் வாசித்தது. அந்தக் குழு 1971 விழாவுக்கு வரவே இல்லை. பிரிட்டிஷ் குழு ஹாக்விண்டின் பகுதி 1972 பிப்ரவரி 13 அன்று லண்டன் ரவுண்ட்ஹவுஸில் பதிவானது. டேவிட் போவி விழாவில் விடியற்காலை நேரத்தில் பாடினார். ஆனால் தட்டில் இருப்பது அவர் ஸ்டுடியோவில் புதிதாகப் பாடிப் பதிவு செய்த 'தி சூப்பர்மென்'. பீட் டவுன்ஷெண்ட் கொடுத்தது ஒரு டெமோ, அதாவது மாதிரிப் பதிவு. ஆக, ஒரு விழாவின் பெயரைத் தாங்கிய தொகுப்பில் பல பாடல்கள் அந்த வயலின் காற்றையே தொடாதவை.

இதைவிடத் துணிச்சலான காரியம் 1968இலேயே நடந்துவிட்டது. டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினைச் சேர்ந்த தர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ் குழுவின் பாடல்களை ஹூஸ்டனில் இருந்த இன்டர்நேஷனல் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற சுயாதீன லேபிள் வெளியிட்டு வந்தது. அந்த ஆண்டு வந்த தட்டின் பெயர் 'லைவ்'. ஆனால் அது ஸ்டுடியோவில் மிஞ்சிக் கிடந்த பதிவுகள்; மேலே கைதட்டலும் கூச்சலும் ஒட்டப்பட்டிருந்தன. இப்படி ஒட்டியதைக் காது எளிதில் பிடித்துவிடும். நிஜ மேடைப் பதிவில் டிரம்ஸின் சத்தம் பாடகரின் மைக்கிலும் விழும், கூட்டத்தின் மைக்கிலும் விழும். பாட்டு மெதுவாகும்போது அரங்கின் முணுமுணுப்பு மேலே எழும். ஒட்டுவேலையில் கைதட்டல் ஓர் அறையில் கேட்கும், டிரம்ஸ் வேறோர் அறையில் கேட்கும்.

நேரடி சைகடெலிக் இசையைக் காசு கொடுத்து வாங்குபவர் வாங்குவது பாடலை அல்ல. பாடல் ஸ்டுடியோ ஆல்பத்திலேயே இருக்கிறது. 4 நிமிடப் பாடல் அன்றிரவு 17 நிமிடம் நீண்டது ஏன், அந்த நீளத்தை அரங்கம் எப்படித் தாங்கியது என்பதற்காகத்தான் வாங்குகிறார். ஆனால் பதிவிலிருந்து அச்சு வரைக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் அந்த அரங்கை உரித்துப்போடும் வேலை தன்னாலேயே நடக்கும். அதைத் தடுப்பதுதான் தொகுப்பாளரின் வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இன்று இதைச் சரியாகச் செய்வதற்கு வசதியான இடத்தில் இருப்பது அதே ஆஸ்டின்தான். தி பிளாக் ஏஞ்சல்ஸ் குழுவினரும் நண்பர்களும் 2008இல் ஆஸ்டின் சைக் ஃபெஸ்ட் என்று தொடங்கிய விழா, பிறகு எலிவேட்டர்ஸ் பாடல் ஒன்றின் பெயரை எடுத்துக்கொண்டு லெவிடேஷன் ஆனது. அவர்களுடைய லேபிள் ரெவர்பரேஷன் அப்ரிசியேஷன் சொசைட்டி. அந்த லேபிள் 2021இலிருந்து 'லைவ் அட் லெவிடேஷன்' என்ற வரிசையில் விழா மேடைப் பதிவுகளைத் தட்டாக்கி வருகிறது. விழாவும் லேபிளும் ஒரே கையில் இருந்தால், மைக் எங்கே நிற்க வேண்டும் என்பதை மேடை போடும் நாளிலேயே முடிவு செய்யலாம், அனுமதியை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். மற்ற சிறு லேபிள்களுக்கு இந்த இரண்டும் கடைசி நேர ஓட்டமாகவே இருக்கும்.

முதலில் பதிவு. சின்ன கிளப்புகளில் மிக்சரின் (எல்லா மைக்கின் ஒலியையும் கலக்கும் மேசை) ஸ்டீரியோ வெளியீட்டை மட்டும் எடுத்துவைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் ஏராளம். போதாது. மேடையிலேயே சத்தமாக இருப்பதை மிக்சரில் இருப்பவர் ஸ்பீக்கருக்கு அதிகம் அனுப்ப மாட்டார். 100 வாட் வால்வ் ஆம்ப்ளிஃபையர் இரண்டு நேராகக் கூட்டத்தைப் பார்த்து உறுமும்போது, கிட்டாரின் ஃபேடரை (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி) ஏற்ற அவருக்கு என்ன அவசியம்? விளைவு, மிக்சர் பதிவில் குரல் முகத்துக்கு நேராக உலர்ந்து நிற்கும், கிட்டார் பக்கத்து வீட்டில் கேட்கும். சைகடெலிக் குழுவுக்கு இது மரண அடி. ஒவ்வொரு மைக்கும் தனித்தனி டிராக்காக வர வேண்டும். இன்றைய டிஜிட்டல் மிக்சர்களில் 32 சேனலை ஒரே யுஎஸ்பி கேபிளில் எடுக்கலாம். அது இல்லாத இடத்தில் ஒவ்வொரு மைக்கின் ஒலியையும் இரண்டாகப் பிரிக்கும், டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஸ்பிளிட்டர் பெட்டி வேண்டும்.

கணக்கு எளிது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு சேனலுக்கு விநாடிக்கு 144 கிலோபைட். 32 சேனலுக்கு ஒரு மணி நேரத்தில் சுமார் 16.6 ஜிபி. ஒரு மாலையில் ஐந்து குழுக்கள் என்றால் 100 ஜிபிக்கு மேல் இடம் வைத்துக்கொண்டு, இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் பதிவு செய்யுங்கள். கோப்பு 4 ஜிபியைத் தொட்டதும் அடுத்த கோப்புக்குத் தாவும் கருவிகள் இருக்கின்றன. 32 சேனலும் ஒரே கோப்பில் என்றால் அந்த எல்லை கால் மணி நேரத்திலேயே வந்துவிடும். தாவும் இடத்தில் ஒரு சாம்பிள்கூட (விநாடிக்கு 48,000 முறை எடுக்கும் ஒலி அளவீடு) விடுபடவில்லை என்பதை விழாவுக்கு முந்தைய நாளே நீண்ட ஒற்றைச் சுரம் ஒன்றைப் பதிவு செய்து பார்த்துவிட வேண்டும். விடுபட்டால் இணைப்பில் 'டிக்' என்று கேட்கும். லெவலைப் பொறுத்தவரை, சோதனையின்போது உச்சம் மைனஸ் 18 டெசிபலில் நின்றால் சரி (0 என்பது கருவி தாங்கும் எல்லை). கூட்டம் வந்த பிறகு எல்லோரும் 6 டெசிபல் ஏற்றித்தான் வாசிப்பார்கள். 24 பிட்டில் சத்தம் குறைவாகப் பதிவானால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். உடைந்த உச்சத்தை ஒட்டவைக்க வழியில்லை.

இனி, பெரும்பாலானவர்கள் கோட்டைவிடும் இடம். சேனல்களைப் பொதுவாக ஃபேடருக்கு முன்னால் எடுப்பார்கள், அதுதான் முறையும்கூட. ஆனால் சைகடெலிக் நிகழ்ச்சியில் மிக்சரில் இருப்பவரும் ஒரு வாத்தியக்காரர்தான். பாடகர் வரியின் கடைசிச் சொல்லை விடும்போது அதை மட்டும் டிலேயில் (எதிரொலிக் கருவியில்) தள்ளி, திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, அடுத்த வரி வரும் நேரத்தில் இறக்கிவிடுவார். மைக் டிராக்கில் அது இருக்காது. ரிவெர்பும் (அறை முழக்கம் சேர்க்கும் கருவி) டிலேயும் மிக்சருக்குத் திரும்பி வரும் சேனல்களைத் தனி டிராக்குகளாகப் பதிவு செய்தால்தான் கிடைக்கும். இதற்கு நான்கு டிராக் ஒதுக்குங்கள். அதைத் தவறவிட்டுப் பிறகு ஸ்டுடியோவில் அதே டிலேயைத் திரும்பக் கட்ட முயன்றால், சுத்தமாக இருக்கும், அன்றிரவுபோல இருக்காது. கூட்டத்தின் மைக்கில் பழைய டிலே கேட்டுக்கொண்டிருக்க, புதியது அதோடு மோதும்.

கூட்டத்தின் மைக்குகள் குறைந்தது நான்கு இருக்கட்டும். மேடை விளிம்பின் இரு ஓரத்திலும் கூட்டத்தைப் பார்த்து இரண்டு, மிக்சர் மேசைக்கு மேலே மேடையைப் பார்த்து இரண்டு. முதல் ஜோடி கைதட்டலுக்கு, இரண்டாவது அரங்கத்துக்கு. ஒலி ஒரு மீட்டர் நகர ஏறக்குறைய 2.9 மில்லி விநாடி ஆகும்; மேடையிலிருந்து 25 மீட்டர் தள்ளியிருக்கும் மைக்குக்கு 73 மில்லி விநாடி தாமதம். அப்படியே கலந்தால் ஸ்னேர் டிரம் இரண்டு முறை அடித்ததுபோல் கேட்கும். அதனால் அந்த டிராக்குகளை முன்னே இழுத்துச் சீர்ப்படுத்துவார்கள். முழுதாக இழுக்காமல் 15 முதல் 20 மில்லி விநாடி விட்டுவைப்பது நல்லது; அந்தச் சிறு இடைவெளிதான் அரங்கின் அளவைக் காதுக்குச் சொல்கிறது. டெக்சஸ் போன்ற ஊரில் திறந்தவெளி மேடை என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாலை 35 டிகிரியில் தொடங்கி இரவு 25 டிகிரிக்கு இறங்கினால் ஒலியின் வேகமும் குறையும். 40 மீட்டர் தூரத்தில் கிட்டத்தட்ட 2 மில்லி விநாடி மாறிவிடும். முதல் குழுவுக்கு வைத்த தாமதத்தைக் கடைசிக் குழுவுக்கு அப்படியே வைத்தால் நடு ஸ்வரங்கள் மெலிந்து கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கூட்டத்தின் மைக்குகளைத் தனி ரெக்கார்டரில் எடுத்திருந்தால் தலைவலி கூடும். இரண்டு கருவிகளின் கடிகாரங்கள் ஒருபோதும் ஒத்துப்போகாது. பத்து லட்சத்தில் 10 பங்கு வேறுபாடு இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 36 மில்லி விநாடி விலகும். தொடக்கத்தில் பொருத்தினால் முடிவில் பிசகும். தொடக்கத்திலும் முடிவிலும் ஓர் ஸ்னேர் அடியைப் பிடித்து, இடைப்பட்ட நீளத்தை நீட்டியோ சுருக்கியோ சரிசெய்ய வேண்டும். நடுவில் வெட்டி ஒட்டாதீர்கள். நீண்ட ஆர்கன் சுரத்தின் நடுவே வெட்டு தெரியும்.

ஒளிக்காட்சி இந்த இசையின் பாதி. விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்கள் கிட்டாரின் ஒற்றைச் சுருள் பிக்கப்பில் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) ரீங்காரத்தை ஏற்றும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டில் 120 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் கேட்கும். விளக்கை ஏற்ற இறக்க இந்த இரைச்சலும் மாறுவதால், பிறகு மென்பொருளால் நீக்குவது கடினம். விளக்குக்கும் ஒலிக்கும் வேறு வேறு மின் இணைப்பு கேட்டு வாங்குவதுதான் தீர்வு.

டிராக்குகளை ஒன்றாக்கும் கலவைக்கு உட்காரும்போது முதல் விதி, நாய்ஸ் கேட் (சத்தம் குறைந்ததும் டிராக்கை மூடிவிடும் கருவி) வேண்டாம். ராக் நேரடிப் பதிவுகளில் டாம் டிரம்ஸுக்கு கேட் போடுவது வழக்கம். இங்கே அது ஒவ்வோர் அடிக்குப் பின்னும் அரங்கின் கதவைச் சாத்தித் திறப்பதுபோல் ஆகும். இரண்டாவது, பாடல்களுக்கு இடையே ட்யூனிங், மூச்சு, யாரோ எதையோ சொல்லி அழைப்பது, இவற்றில் எதை வெட்டுவது என்ற முடிவு. என் கருத்தில் ஒரு குழுவுக்குள் 20 விநாடி வரை அப்படியே விடலாம். குழு மாறும் இடத்தில்தான் நுட்பம் தேவை. 300 பேர் நிற்கும் கிளப்பின் கைதட்டலையும் திறந்தவெளியின் கைதட்டலையும் நேரடியாகக் கோத்தால் காது திடுக்கிடும். முதலாவதை 6 அல்லது 8 விநாடியில் முழுதாக அடங்கவிட்டு, ஒரு நொடி அமைதிக்குப் பின் அடுத்த இடத்தின் வெற்று ஓசையை எழுப்பினால், இடம் மாறிவிட்டது என்பதைக் கேட்பவர் தானே புரிந்துகொள்வார். அதனால் ஒவ்வோர் அரங்கிலும் இசை தொடங்குவதற்கு முன் ஒரு நிமிட வெற்று ஓசையைப் பதிவு செய்துவைக்கச் சொல்வது.

பிழை திருத்தம் பற்றி எனக்குக் கறாரான கொள்கை கிடையாது. ஹாக்விண்டின் 'சில்வர் மெஷின்' அதே ரவுண்ட்ஹவுஸ் இரவின் பதிவுதான். ஆனால் குரலை, குழுவின் பேஸ் கிட்டாரிஸ்ட் லெமி பிறகு ஸ்டுடியோவில் பாடினார். அது 1972இல் பிரிட்டிஷ் பட்டியலில் 3ஆம் இடம் வரை ஏறியது. பாட்டு கெட்டுப்போகவில்லை. ஆனால் உறையில் ஒவ்வொரு பாட்டுக்கும் நான்கு விவரம் கட்டாயம் இருக்க வேண்டும்: இடம், தேதி, பதிவு செய்தவர், பின்னால் சேர்த்தது என்ன.

அடுத்து தட்டின் பக்கங்கள். இங்கேதான் நீண்ட வாசிப்பும் இயற்பியலும் முட்டிக்கொள்கின்றன. 12 அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஒரு பக்கத்துக்கு 18 முதல் 20 நிமிடம் வரை தாராளமாகத் தாங்கும். 22க்கு மேல் போனால் ஊசி ஓடும் பள்ளங்களை நெருக்க வேண்டும், அதற்காகச் சத்தத்தையும் பேஸையும் குறைக்க வேண்டும். 1969இல் வந்த கிரேட்ஃபுல் டெட்டின் 'லைவ்/டெட்' முதல் பக்கம் முழுக்க 23 நிமிட 'டார்க் ஸ்டார்' மட்டும்தான். அது மென்மையாக நகரும் வாசிப்பு என்பதால் தாங்கியது. இரண்டு கிட்டாரும் ஃபஸ் பெடலில் (ஒலியைக் கரகரப்பாக்கும் கால்விசை) கொதிக்கும் குழுவுக்கு அதே 23 நிமிடம் தாங்காது.

நீளத்தைவிட மோசமான சிக்கல் ஊசி உள்ளே போகப் போக வருவது. தட்டின் விளிம்பில் ஊசிக்குக் கீழே பள்ளம் விநாடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடுகிறது, லேபிள் தாளுக்கு அருகே அது 21 செ.மீ. ஆகச் சுருங்குகிறது. அதே உயர் சுரத்தைப் பாதிக்கும் குறைவான இடத்தில் எழுத வேண்டும். சிம்பலும் ஃபஸ்ஸும் அங்கே மணல்போல் நொறுங்கும். சைகடெலிக் வாசிப்போ மெதுவாகத் தொடங்கிக் கடைசியில்தான் வெடிக்கும். அதாவது, உச்சம் வந்து விழுவது தட்டின் மிகப் பலவீனமான இடத்தில். இதற்கு நான் பரிந்துரைப்பது, உச்சத்தில் முடியும் நீண்ட வாசிப்பைப் பக்கத்தின் முதலில் வைத்து, அதன் பின்னால் சிதாரோ ஆர்கனோ மட்டும் ஒலிக்கும் 4 நிமிட அமைதியான பகுதியை வைப்பது. அப்படி ஒன்று இல்லையென்றால் பக்கத்தை 15 நிமிடத்தில் முடித்து உள்வட்டத்தைக் காலியாக விடுங்கள். வாங்குபவர் நிமிடத்தை எண்ணிக் குறைபடுவதில்லை. கடைசி இரண்டு நிமிடம் கரகரத்தால் குறைபடுவார்.

ஒரே வாசிப்பு 30 நிமிடம் என்றால் பக்கம் திருப்பியே ஆக வேண்டும். மங்கச் செய்து நிறுத்தி, மறுபக்கத்தில் மங்கலாக எழுப்புவது பழைய வழி. அதில் பத்துப் பதினைந்து விநாடி இசையை இரண்டு பக்கமும் இரட்டிப்பாகக் கொடுத்தால் கேட்பவருக்கு இழை அறாது. டிரம்ஸ் ஓய்ந்து வெறும் டிலே சுழலும் இடம் கிடைத்தால் அங்கே திருப்புவது எல்லாவற்றையும்விட மேல்.

ஸ்டீரியோ விளைவுகள் இன்னொரு கண்ணி. கிட்டாரின் ஒலியைச் சுழற்றி விரிக்கும் சில ஃபேசர், கோரஸ் பெடல்களின் இரண்டு வெளியீடுகளும் ஒன்றுக்கொன்று தலைகீழாக இருக்கும். ஹெட்ஃபோனில் அற்புதமாக விரியும். மோனோவில் கேட்டால் கிட்டார் காணாமல் போகும். தட்டில் வெட்டும்போது பள்ளம் மேலும் கீழுமாகத் துள்ளி, சில இடங்களில் ஊசியே தாவிவிடும். சுமார் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். கலவையை முடிப்பதற்கு முன் ஒரு முறை முழுக்க மோனோவில் கேட்க வேண்டும். வெட்டுபவருக்குப் பாட்டு பாட்டாகக் கோப்பு அனுப்பாதீர்கள். ஒரு பக்கத்துக்கு ஒரே 24 பிட் கோப்பு, கூடவே பாடல்கள் தொடங்கும் நேரப் பட்டியல். டிஜிட்டல் வெளியீட்டுக்காக லிமிட்டரில் (உச்சங்களை அமுக்கும் கருவி) நசுக்கிய பிரதியை அனுப்பினால் தட்டில் சத்தம் கூடாது, கரகரப்புதான் கூடும்.

லாக்கர் தட்டில் (மென்மையான பூச்சுள்ள அலுமினியத் தட்டு) வெட்டி, அதில் வெள்ளி பூசி, நிக்கல் படியவைத்து ஃபாதர் என்ற உலோக நகல் எடுப்பார்கள். அதிலிருந்து மதர், அதிலிருந்து அச்சுக்கான ஸ்டாம்பர். 500 பிரதிக்குள் என்றால் ஃபாதரையே ஸ்டாம்பராக்கிக் காசு மிச்சம் பிடிக்கச் சொல்வார்கள். மறுபதிப்பு வரும் என்ற நம்பிக்கை கொஞ்சம் இருந்தாலும் அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்; ஸ்டாம்பர் தேய்ந்ததும் மறுபடி வெட்ட வேண்டியிருக்கும். லாக்கர் என்பதே எளிதில் கிடைக்கும் பொருள் அல்ல. 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியா பேனிங்கில் அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்தபோது, உலகத்துக்கே லாக்கர் கொடுக்க ஜப்பானில் ஒரே ஒரு நிறுவனம்தான் மிஞ்சியது.

சோதனைப் பிரதிகள் வந்ததும் ஒன்றைக் கேட்டுவிட்டு ஒப்புதல் அனுப்புவது பெரிய தவறு. குறைந்தது மூன்றையாவது முழுக்கக் கேட்க வேண்டும். ஒரே இடத்தில் எல்லாப் பிரதியிலும் 'டிக்' வந்தால் கோளாறு உலோக அச்சில்; ஒன்றில் மட்டும் வந்தால் அந்தப் பிரதியில். ஒரு பக்கம் துணி கிழிவதுபோல் சரசரத்தால் பிளாஸ்டிக் பள்ளத்தை முழுதாக நிரப்பவில்லை. அச்சின் வெப்பத்தையும் அழுத்தும் நேரத்தையும் மாற்றச் சொல்ல வேண்டும். நடுத்துளை விலகியிருந்தால் 1.8 விநாடிக்கு ஒருமுறை சுரம் ஏறி இறங்கும். அரை மில்லிமீட்டர் விலகலே உள்வட்டத்தில் ஏறக்குறைய 0.8 சதவீதம் சுருதியை அசைக்கும். வேகமான ராக் பாட்டில் அது மறைந்துவிடும். நீண்ட தம்புராபோல ஒரே சுரம் ஒலிக்கும் இசையில் மறைய இடமே இல்லை. கூடவே, பல நிறம் தெறித்த தட்டுகளில் மேற்பரப்பு இரைச்சல் கூடுதலாக இருக்கும் வாய்ப்பு உண்டு. அழகுதான். ஆனால் அமைதியான பகுதிகள் நிறைய உள்ள தொகுப்புக்குக் கறுப்பையே எடுப்பேன்.

உரிமை விவகாரம் இரண்டு அடுக்கு: பாட்டை எழுதியவருடையது ஒன்று, பதிவினுடையது இன்னொன்று. குழு வேறு லேபிளுடன் ஒப்பந்தத்தில் இருந்தால் அந்த லேபிளின் எழுத்து அனுமதி வேண்டும். கூடி வாசித்த ஜாம் என்றால் யாருக்கு எத்தனை பங்கு என்பதைக் கலவைக்கு முன்பே தாளில் கையெழுத்து வாங்குங்கள். பிறர் பாட்டை நீட்டி வாசித்தால் நீளத்துக்கு விலை உண்டு. அமெரிக்காவில் 2023ஆம் ஆண்டில் இருந்த நிர்ணயத்தின்படி 5 நிமிடம் வரையான பாட்டுக்குப் பிரதிக்கு 12 சென்ட். அதற்கு மேல் போனால் நிமிடத்துக்கு 2.31 சென்ட், மிச்ச விநாடிகளும் ஒரு முழு நிமிடமாகவே எண்ணப்படும். அந்த ஆண்டுக் கட்டணத்தில் 18 நிமிடம் 10 விநாடி ஓடும் வாசிப்பு 19 நிமிடக் கணக்கில் 43.89 சென்ட் ஆனது. 1,000 பிரதிக்கு 438.90 டாலர். கைதட்டலைப் பத்து விநாடி முன்பே அடுத்த டிராக்கில் சேர்த்தால் ஒரு நிமிடக் கட்டணம் மிச்சம்.

இதற்கு நேரெதிரான வழியும் இருக்கிறது. மெல்பர்னின் கிங் கிஸர்ட் அண்ட் தி லிஸர்ட் விஸர்ட் குழு 2017 நவம்பரில் 'பாலிகோண்ட்வானாலேண்ட்' ஆல்பத்தை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று இலவசமாக விட்டது. 2020க்குப் பின் நேரடிப் பதிவுகள் சிலவற்றையும் அதே முறையில் திறந்துவிட்டது. அச்சிடுபவர் சில பிரதிகளைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவே. புதிதாகத் தொடங்கும் லேபிளுக்கு இதைவிட நல்ல பயிற்சிக்களம் இல்லை. ஒரே கோப்பைப் பலர் அச்சிட்டிருப்பதால், பக்கப் பிரிப்பையும் வெட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் கேட்கலாம்.

டிஜிட்டல் பிரதிக்குச் செய்ய வேண்டியது குறைவு. டிராக் பிரியும் இடத்தில் கைதட்டல் அறுபடாமல் ஓட வேண்டும். எம்பி3 ஒவ்வொரு கோப்பின் தலையிலும் வாலிலும் சிறு வெறுமையைச் சேர்ப்பதால் பல பிளேயர்களில் அந்த இடம் விக்கும், ஒலியை இழப்பின்றிச் சுருக்கும் எஃப்எல்ஏசி-யில் விக்காது. சிடியும் போடுவதாக இருந்தால் ஒவ்வொரு பிரிப்பும் 588 சாம்பிளின் மடங்கில் விழ வேண்டும், ஏனெனில் சிடி ஒரு விநாடியை 75 சட்டங்களாகத்தான் பிரிக்கிறது. விழாவிட்டால் மிச்சச் சட்டத்தை மென்பொருள் சுழியால் நிரப்பும். கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே ஒரு சொடுக்கு கேட்கும்.